அருவிக்குக் கீழே ஓர் ஆலை

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் போகும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் ஐந்தருவியோ பழைய குற்றாலமோ. பிறகு சுந்தரபாண்டியபுரம், சூரியகாந்தி பூத்திருந்தால் வயலோரம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 1992ல் வந்த ‘ரோஜா’ படத்தில் பார்த்த ஊர் என்பதாலும் அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. மறுநாள் கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம், அங்கிருந்து அகத்தியர் அருவி, காரையாறு. இந்தப் பாதையில் பாபநாசத்தை ஒட்டியே விக்கிரமசிங்கபுரம் இருக்கிறது. பேருந்து அதன் நடுவில்தான் போகிறது. மில், மில் குடியிருப்பு, கடைத்தெரு எல்லாம் ஜன்னலில் கடந்து போகின்றன, யாரும் இறங்குவதில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் இறங்கிப் பார்ப்பதற்கு வயலும் பாறையும் இருக்கின்றன, இங்கே பழைய பஞ்சாலை ஒன்றைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நூற்பாலை எத்தனையோ ஊரில் உண்டு. இந்த ஆலை இந்த இடத்தில் ஏன் வந்தது என்று கேட்டுப் பார்த்தால், தென்தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு ஆற்றோரம் நடக்க வேண்டும். பாபநாசம் படித்துறையில் தொடங்கி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வரை தாமிரபரணிக் கரையோடு போகும் ஒரு நடைக்கு வேண்டிய சான்றுகள் எல்லாம் தரையிலேயே கிடக்கின்றன.

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1883ல் திருநெல்வேலி மில்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1885ல் இந்த ஆலை ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டில் ஒரு பஞ்சாலைக்கு என்னென்ன வேண்டும்? பஞ்சு, விற்கச் சந்தை, ஆள், இயந்திரத்தை ஓட்ட விசை. பஞ்சு விளைந்தது மாவட்டத்தின் கிழக்கிலும் வடக்கிலும், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில். மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அம்பாசமுத்திரம் வட்டாரம் முழுக்க நஞ்சை, நெல்லும் வாழையும்தான். துறைமுகம் தூத்துக்குடியில். 1876லேயே அங்கே ரயில் வந்துவிட்டது. பாபநாசம் பக்கமோ 1902, 1903 வரை ரயில் இல்லை. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கும் பிறகு தென்காசி, செங்கோட்டைக்கும் தண்டவாளம் போட்ட பிறகுதான் அந்தப் பக்கம் ரயில் சத்தம் கேட்டது. ஆக முதல் பதினேழு பதினெட்டு ஆண்டுகள், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்துக்குப் பஞ்சுப் பொதி மாட்டுவண்டியில்தான் வந்திருக்க முடியும். நூலும் அப்படியேதான் திரும்பிப் போயிருக்கும். கணக்குப் பார்க்கத் தெரிந்த வியாபாரிகள் இப்படி ஒரு மூலையில் போய்க் கம்பெனி வைத்தார்கள் என்றால், வண்டிக்கூலியைத் தூக்கிச் சாப்பிடும் லாபம் வேறு ஏதோ ஒன்றில் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஒன்று அருவி. பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணி பாபநாசத்தில்தான் மலையை விட்டு இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நீர் பெறுவதால் ஆண்டு முழுக்க வற்றாமல் ஓடும் ஆறு. அது கல்யாணதீர்த்தத்திலும் அகத்தியர் அருவியிலும் சரசரவென்று கீழே விழுகிறது. அப்படி விழும் நீரை வாய்க்காலில் திருப்பி டர்பைன் மேல் விட்டால் இயந்திரம் சுற்றும், நிலக்கரி வேண்டாம். அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் ஆலை வைக்க நினைத்தவர்களுக்குப் பெரிய தலைவலியே நிலக்கரிதான். பம்பாய் ஆலைகள் கரியைக் கப்பலில் வரவழைத்து நீராவியில் ஓடின. ஹார்வி சகோதரர்களே அடுத்து 1888ல் தூத்துக்குடியில் கோரல் மில்லைத் தொடங்கியபோது கரி வந்து இறங்கும் துறைமுகத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கடுத்து மதுரையில் தொடங்கியபோது ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இடம் பிடித்தார்கள். ஒரே முதலாளிகளின் மூன்று ஆலைகள். அருவிக்கும் கப்பலுக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் முதல் ஆலை ஏன் மலையடிவாரத்துக்குப் போனது என்பதில் ஐயம் இருக்காது. அதே 1880களில் கர்நாடகத்தில் கட்டப்பிரபா ஆற்றின் கோகாக் அருவியிலும் நீர்விசையை நம்பி ஒரு நூற்பாலை எழுந்தது. இன்னும் நூறாண்டு பின்னால் போனால் ஹார்விகளின் சொந்த நாட்டில், கிளைட் ஆற்றின் அருவிகளுக்குக் கீழே 1786ல் தொடங்கிய நியூ லானார்க் இருக்கிறது; அதற்கும் முன்னால், இங்கிலாந்தில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் 1771ல் ஆர்க்ரைட் அமைத்த குராம்ஃபோர்டு ஆலை. பாபநாசம் இந்த வரிசையில் நிற்கிற ஊர். நீராவி உலகை ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே நீரை நம்பி எழுந்த, அந்தப் பழைய மரபின் பிற்காலத்து ஆலை.

ஆனால் ஆற்றுக்கு வேலை கொடுத்தது ஹார்விகள்தான் முதலில் என்று எண்ணிவிடக் கூடாது. படித்துறையிலிருந்து கீழே நடக்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுகிற பழைய கட்டுமானம் மில் அல்ல, அணைக்கட்டு. தாமிரபரணியின் குறுக்கே வரிசையாக எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. முதல் மூன்றும் நம்முடைய நடைப் பாதையிலேயே வந்துவிடுகின்றன. நதியுண்ணி என்ற பெயரைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ஆற்றையே உண்ணுகிறது என்று ஒரு அணைக்கு யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். கீழ்மடைக்காரரின் மனக்குறையும் அதில் கலந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் அகத்தியரிடம் வழி கேட்க, ஒரு பசுவின் பின்னே போ என்றாராம் முனிவர். பசு போன வழி கால்வாய், அது சிறுநீர் விட்ட இடம் மடை, படுத்த இடம் குளம். கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதற்குள் இருக்கும் அறிவு நிஜமானது. மேய்ந்துகொண்டே நடக்கும் மாடு செங்குத்தாக ஏறாது, இறங்காது. சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும். கால்வாய் வெட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மெல்லிய சரிவுதான். மட்டம் பார்க்கும் கருவியின் வேலையைக் கதை ஒரு பசுவிடம் கொடுத்திருக்கிறது.

இங்கே என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். விக்கிரமசிங்கபுரத்தை வெள்ளைக்காரன் உண்டாக்கிய மில் ஊர் என்று எழுதுவது வழக்கம். ஊரின் கடைத்தெருவும் பள்ளியும் விளையாட்டு மைதானமும் மில்லைச் சுற்றி வளர்ந்தவை என்பதால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. என் கணிப்பில் அது ஆற்றின் சரிவு உண்டாக்கிய ஊர். சரிவை முதலில் உழவுக்குப் பயன்படுத்தினார்கள், பிறகு நூற்புக்கு, பிறகு மின்சாரத்துக்கு. மில் அதில் நடுவில் வந்த ஓர் அத்தியாயம். அதன் எழுச்சியைப் போலவே அதன் சரிவையும் ஆற்றிலிருந்துதான் விளக்க முடியும்.

சரிவின் தொடக்கம் எங்கே என்று கேட்டால் பலரும் காட்டுவது அண்மைக் காலத்தை: ஆட்குறைப்பு, கைமாற்றம், உலகச் சந்தைப் போட்டி. நான் 1944ஐக் காட்டுவேன். சென்னை மாகாண அரசு பைக்காராவில் 1932லும் மேட்டூரில் 1937லும் நீர்மின் நிலையங்களை இயக்கிய பிறகு, மூன்றாவதாகப் பாபநாசத்தில் 1944ல் மின் உற்பத்தி தொடங்கியது. மேலே காரையாறில் அணை, கீழே அருவியின் அருகே மின்நிலையம். மில்லைச் சுற்ற வைத்த அதே விழுச்சி இப்போது மின்சாரமானது. விழும் நீருக்கும் கம்பியில் போகும் மின்சாரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விழும் நீரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஆலைதான் அதனிடம் வர வேண்டும். மின்சாரம் கோபுரம் கோபுரமாகத் தாண்டி எந்த ஊருக்கும் போகும். இதற்குச் சான்று கோயம்புத்தூர். பைக்காரா மின்சாரம் வந்த பிறகு 1930களில் அங்கே நூற்பாலைகள் எழுந்த வேகம் நாம் அறிந்ததே. அந்த ஊரில் ஆலையைச் சுற்ற வைக்கும் அருவி எதுவும் இல்லை. நொய்யலின் நீர் அந்த இயந்திரங்களைச் சுற்றவில்லை. அருவியைத் தேடி மாட்டுவண்டியில் பஞ்சு கொண்டுபோக வேண்டிய கட்டாயம் அன்றோடு முடிந்தது. பாபநாசத்தில் ஆலை இருந்தாக வேண்டும் என்பதற்கு இருந்த ஒரே காரணத்தைப் பாபநாசத்தின் மின்நிலையமே எடுத்துக்கொண்டது.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் வலுவான மறுப்பு. 1944க்குப் பிறகு ஆலை மூடிவிடவில்லையே. இன்னும் பல பத்தாண்டுகள் செழிப்பாகத்தானே ஓடியது? உண்மை. 1929லேயே மூன்று ஆலைகளும் மதுரா மில்ஸ் என்ற ஒரே கம்பெனியாகிவிட்டன. 1974ல் அது கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. விக்கிரமசிங்கபுரத்தில் தையல் நூல் வேலை அதற்குப் பின்னும் தொடர்ந்தது. ஆகவே இதைச் செத்துப்போன தொழில் ஊர் என்று சொல்வதற்கும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒரு தொழில் ஓரிடத்தில் நிற்பதற்கும் அங்கே நின்றாக வேண்டியிருப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. 1944க்குப் பிறகு ஆலையை அங்கே பிடித்து வைத்திருந்தவை ஏற்கெனவே போட்ட முதல், கட்டிய கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைமுறையாகக் கைத்திறன் சேர்த்துவைத்த தொழிலாளர் குடும்பங்கள். ப்ளோரூமில் பஞ்சு உதறுவதிலிருந்து கார்டிங், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் வரை எந்த வேலை எந்தக் குடும்பத்துக்குக் கைவந்தது என்று ஊருக்கே தெரிந்திருந்த காலம் அது. இவை வலுவான பிடிமானங்கள்தான்; ஆனால் தேயக்கூடியவை. இயந்திரம் மாறினால் கைத்திறன் மாறுகிறது, கட்டடம் பழசாகிறது, முதல் வேறு இடம் தேடுகிறது. அருவி தேய்வதில்லை. அருவியோடு இருந்த கட்டு அறுந்த பிறகு, ஜவுளித் தொழிலுக்கு நெருக்கடி வந்தபோது இந்த ஊருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லாமல் போயிற்று. கரி இறங்கிய துறைமுகத்து ஆலையும் ரயில் அருகே இருந்த மதுரை ஆலையும் சந்தித்த அதே காற்றுக்கு இதுவும் ஆட வேண்டியிருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அணைக்கட்டையும் கால்வாயையும் முன்னால் நிறுத்தி மில்லைப் பின்னால் தள்ளுவது, நிலவுடைமைக் காலத்தை அழகாக்கிக் காட்டுவதாகாதா? தாமிரபரணிப் பாசனத்தின் நெல் யாருடைய குதிருக்குப் போனது? கோயில்கள், மடங்கள், ஊர்ப் பெருநிலக்காரர்கள். கார், பிசானம் என்று இரண்டு பூவும் சேற்றில் இறங்கி நின்றவர்களுக்கு நிலம் இல்லை. கூலி நெல்லாகக் கிடைத்தது, அதுவும் கொடுக்கிறவர் மனம் வைத்த அளவில். மில்லோ மாதச் சம்பளத்தைக் காசாகக் கொடுத்தது. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. வேலை நேரம் முடிந்தால் யாருடைய களத்துக்கும் ஏவலுக்குப் போக வேண்டாம். ஒரு தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வயல் கூலி அறிந்தவர்கள்தான் சொல்ல முடியும். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதே வாதம் மில்லையும் விட்டுவைப்பதில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூடப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது, இதே ஹார்வி ஆலைகளில். வயது வந்த ஆண் தொழிலாளியின் வேலை நேரத்துக்குச் சட்டம் வரம்பு போட்டதே 1911ல்தான். அதுவும் பன்னிரண்டு மணி நேரம். நீர்விசையில் ஓடும் ஆலைக்கு இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது: அருவிக்கு இரவு பகல் கிடையாது. ஓடுகிற நீரை வீணாக்கக் கூடாது என்று நினைக்கும் முதலாளிக்கு இயந்திரத்தை நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டமாகத்தான் தோன்றும். ஆகவே ஆற்றோர நடையில் அணைக்கட்டை முன்னால் வைப்பது பழமையைப் போற்றுவதற்காக அல்ல. சேற்றில் நின்றவரும் ஸ்பின்னிங்கில் நின்றவரும் ஒரே நீருக்கு உழைத்தவர்கள். பல நேரம் ஒரே குடும்பத்தவர்கள். இருவர் கணக்கையும் ஒரே கரையில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் முழுசாகத் தெரியும்.

ஆற்றின் பக்கமிருந்து பார்க்கும்போது மில்லுக்குச் சாதகமான ஒரு செய்தியும் தெரிகிறது. அதை மறைப்பது நியாயமாகாது. டர்பைனைச் சுற்றிய நீர் மறுபடி ஆற்றுக்கே வந்துவிடும். விழுச்சியை மட்டும் கடன் வாங்கி, நீரைத் திருப்பிக் கொடுக்கும் தொழில் அது. மேலே தேக்கி வைத்து விடும் நேரத்தில் கீழ்ப் பாசனத்துக்குச் சிக்கல் வரலாம். ஆனால் கன்னடியன் கால்வாய்க்குப் போக வேண்டிய நீரின் அளவு குறையாது. பின்னால் வந்த தொழில்கள் அப்படியில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோகும் 20 எம்ஜிடி திட்டத்தைப் பற்றிக் கீழ்மடை விவசாயிகள் எவ்வளவு காலமாகக் குமுறுகிறார்கள் என்பது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன். போனால் போனதுதான், திரும்பாது. ஆற்றங்கரையில் புகைபோக்கி தெரிந்தால் தொழில் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை என்று நினைக்கிற பழக்கம் நமக்கு. உண்மையில் தாமிரபரணியை இன்றைய தொழில் பயன்படுத்துகிற அளவுக்கு அந்த மில் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. குழாயும் கம்பியும் கண்ணில் படாததால் அது கணக்கிலும் வருவதில்லை.

இப்படி ஒரு நடைப் பாதை வேண்டும் என்றால் உடனே வரும் ஆட்சேபம், ஆறு ஏற்கெனவே படுகிற பாடு போதாதா என்பது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் பாபநாசத்துக்கும் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுப் போவது ஒரு பரிகாரமாகிவிட்டது. நீர் குறைந்த நாளில் படியருகே நின்று பார்த்தால் தெரியும்: வேட்டியும் சேலையும் துண்டும் பாறையிடுக்கில் சுருண்டு, பாசி படிந்து, ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறுபோல் கிடக்கும். தன்னார்வலர்கள் இழுத்து இழுத்துக் கரையேற்றுகிறார்கள். ஈரத்தில் ஒவ்வொன்றும் கல்லாய்க் கனக்கிறது. எந்த ஆற்றின் விசையில் பஞ்சு நூலானதோ அதே ஆற்றில் அந்த நூல் துணியாகித் திரும்பி வந்து கிடக்கிறது. ஆட்சேபத்துக்கு என் பதில் இதுதான்: கூட்டம் எப்படியும் வருகிறது, வந்த இடத்தின் வரலாறு ஒரு பலகையில்கூட அவர்கள் கண்ணில் படுவதில்லை. அணைக்கு மேலே போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வனத்துறைச் சோதனைச் சாவடியோடு மனிதர் நடை நிற்க வேண்டும். நான் சொல்லும் பாதை சாவடிக்குக் கீழே. புதிதாகக் கான்கிரீட் போட வேண்டாம். நீர்பாய்ச்சிகள் மண்வெட்டியோடு நடந்து நடந்து தேய்த்த கால்வாய்க் கரை இருக்கிறது; அதைப் புதர் மண்டாமல் வைத்தால் போதும். அமெரிக்காவில் மெரிமாக் ஆற்றங்கரை ஆலை நகரமான லோவல் 1978ல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகளும் நியூ லானார்க்கும் 2001ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அங்கெல்லாம் மக்கள் ஆலைக்கு நீர் கொண்டுபோன வாய்க்கால்களின் ஓரமாக நடந்து பார்க்கிறார்கள். நம்மிடம் அந்த வாய்க்கால்களுக்கும் சில நூற்றாண்டுகள் மூத்தவை, இன்றும் வயலுக்கு நீர் கொண்டுபோகிறவை இருக்கின்றன. அவற்றை வரலாறு என்று நினைக்காததுதான் குறை.

நடை கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் தலைமதகில் முடியலாம். அணையில் தேங்கி, மின்நிலையத்தில் இறங்கி, இரண்டு அணைக்கட்டுகளில் பங்கு கொடுத்து, மில்லையும் தாண்டி மிஞ்சி வந்த நீர் அங்கே வலப்பக்கம் திரும்பிக் கால்வாய்க்குள் போகிறது. போகிற வழியில் வீரவநல்லூர், அங்கே கைத்தறிகள். இன்னும் கீழே பத்தமடை. அங்கே கோரையை ஓடும் நீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மெல்லிய இழையாகக் கிழித்து, பாவாக இழுத்துக் கட்டிய பருத்தி நூலில் ஊடாகக் கோத்துப் பாய் முடைகிறார்கள்.